கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே தம்பி டிவியை அணைத்துவிடுவான். வண்டிக்கு ஸ்டாண்ட் போடும் விதத்திலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. என் மேல் ஒரு அடிகூட விழுந்ததில்லை. அதனாலேயே, இதில் நான் போய் யாரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான், நீ படிக்கிற வழியைப் பாரு" என்றார். ஒருமுறை அம்மாவே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். இனி அடிக்கமாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதம் ஒன்பது நாள் தாங்கியது.

பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெயின்டில் எழுதியிருக்கும். காணாமல் போன பிள்ளைகளுக்கு, வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் டியூஷன் முடிந்ததும் தோழியின் போனில் அழைத்தேன். காசு பிடிக்கவில்லை.

"எங்களை அடிக்கலை, அம்மாவைத்தான்..." என்று இழுத்தேன்.

"தினமும் நீ பார்த்துட்டுதானே இருக்கே? சொல்லும்மா" என்றார் அந்த அக்கா.

அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. முடியும்வரை காத்திருந்தார். தம்பிக்கு என்ன வயது, இன்று ராத்திரி வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா, இந்த எண்ணில் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டார். கூப்பிட வேண்டாம் என்றேன். பள்ளிக்கே வந்து பார்த்தார்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணையும், போய்ப் பார்க்க வேண்டிய ஆபீஸையும் அம்மாவுக்காக எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. வீட்டு மானத்தை விற்றுவிட்டேனாம். ஒரு ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அந்த ஆபீஸ் எங்க இருக்கு?" என்றார்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் வருடச் சட்டத்தில், அடி வாங்குபவர்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று இல்லை. விஷயம் தெரிந்த யாரும் அவரிடம் சொல்லலாம். அவர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்றைக்கு, எதனால் அடித்தார், யார் பார்த்தது என்று கேட்டார். "ஞாபகம் இல்ல மேடம்" என்றார் அம்மா.

நான் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பதினான்கு தேதிகள். ஒன்றின் பக்கத்தில் 'குக்கர் மூடி', இன்னொன்றில் 'தம்பி மொட்டை மாடியில்'. யாருக்காக எழுதி வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் பேசாமல் ஒவ்வொன்றாகப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இலவசம், வருமானச் சான்று தேவையில்லை. அப்பாவை உள்ளே தள்ளப்போகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நாங்கள் கேட்டது அடிக்கக்கூடாது, வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவு மட்டும்தான். அதை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

கணக்கு நோட்டை வக்கீல் வாங்கி வைத்துக்கொண்டார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், தோழியின் நோட்டைப் பார்த்து முக்கோணவியல் முழுவதையும் மறுபடி எழுதினேன்.