ஆட்டோ காசுக்காக ஒரு நடை

டயாலிசிஸ் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு ஆகுது?" என்றுதான். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மிஷினில் படுப்பதற்கு எனக்குக் காசு ஆவதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு, டயாலிசிஸ் அதில் வந்துவிடும். என்னோடு படுத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அட்டையில்தான் வண்டி ஓடுகிறது. காசு கரைவது வேறு இடத்தில். வாரத்துக்கு மூன்று முறை மிஷினுக்குப் போகவும் வரவும் வேண்டியிருக்கிறதே, அங்கேதான்.

நான் மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். பிரஷரில் போன கிட்னி. போகும்போது டவுன் பஸ். 2021லிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது, அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள். திரும்பும்போதுதான் பாடு. நான்கு மணி நேரம் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்தபிறகு சிலநாள் பிரஷர் தடாலென்று இறங்கிவிடும். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, ஆட்டோதான்.

எனக்காவது ஒத்தக்கடை. அடுத்த கட்டிலில் படுப்பவர் உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன், கொத்தனார் வேலை பார்த்தவர். அவருக்கு ஓசி பஸ் இல்லை. துணைக்கு வரும் மதினிக்கும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. அன்றைக்கு மதினியின் காட்டு வேலைக் கூலியும் போச்சு. கையில் காசில்லாத வாரம் அவர் ஒரு தடவையை விட்டுவிடுவார். "ஒருநாள் போகாட்டி என்னத்தா ஆகப்போகுது?" என்பார். என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு படுக்க முடியாமல் மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் அதுவும் இல்லை, இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் வைத்தியத்தை நூற்றுச் சொச்சம் ரூபாய் பஸ் காசுக்காக ஒரு மனுசன் விடுகிறார் என்பதை என்னால் சீரணிக்கவே முடியவில்லை.

நடந்து காசு திரட்டலாம் என்று சொன்னது எங்கள் டெக்னீஷியன் தம்பி. கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் கூட்டம் நாங்கள். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. நடப்பது நல்லதுதான், எவ்வளவு தூரம், எப்போது என்பதைத் தான் சொல்வதாகச் சொன்னார். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். எங்களில் நான்கைந்து பேருக்கு மட்டும் 'சரி' கிடைத்தது. உசிலம்பட்டி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை, அதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

மிஷின் இல்லாத நாட்களில், விடிந்தும் விடியாமலும் வீட்டிலிருந்து ஆனைமலை அடிவாரத்து நரசிங்கம் கோயில் வரை போய்த் திரும்பினேன். முதலில் பாதி வழியில் உட்கார வேண்டியிருந்தது. பிறகு உட்காராமல் போனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எந்தக் கிழமை என்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஞாயிறு என்றார்கள், லீவு நாளாச்சே. எங்கள் முறை திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழுநாள் இடைவெளி. தண்ணீரும் உப்பும் ஏறி இதயத்துக்கு அதிகச் சுமை விழுவது அந்த இடைவெளியின் கடைசியில்தான். ஆகவே வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை என்று டாக்டர் தீர்த்துவிட்டார். மார்ச் மாதம் இரண்டாவது வியாழன் உலகச் சிறுநீரக தினம், அன்றைக்கு வைத்தால் பேப்பரில் போடுவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். பேப்பரில் வரும், சரி. மார்ச் வெயிலில் யார் நடப்பது? மாசி பிறந்ததும் வைத்துக்கொண்டோம்.

பாதை, அழகர்கோவில் ரோட்டில் மூன்றுமாவடியிலிருந்து அப்பன் திருப்பதி வரை. பத்துக் கிலோமீட்டருக்குள்தான். அழகர்கோவில் வரைக்கும் போகலாம் என்று எனக்கு ஆசை, டாக்டர் ஒப்பவில்லை. கூட்டமாக ரோட்டில் போவதால் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினோம்.

காசு திரட்டுவதில் ஒன்று கற்றுக்கொண்டேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள் என்று தம்பி ஒரு தாள் அடித்துத் தந்திருந்தான். எங்கள் தெருவில் அது யாருக்கும் விளங்கவில்லை. "நீ நடக்காட்டி காசு கிடையாதா, என்னக்கா இது?" என்று கேட்டார்கள். அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி மேலே பிள்ளையார் சுழி போட்டு மொய் நோட்டு மாதிரி எழுத ஆரம்பித்தேன். பேர், ஊர், தொகை. உடனே பிடிபட்டுவிட்டது. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த வீடுகளிலெல்லாம் 101, 501 என்று எழுதினார்கள். "போன வருசம் என் மக சடங்குக்கு நீ செஞ்ச, அதுக்கு இது" என்று ஒரு அக்கா. இது செய்முறை இல்லை, திரும்பி வராது என்று சொன்னாலும் கேட்கவில்லை.

பணத்தை என் கணக்கில் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். நோயாளிகளுக்கு உதவும் சின்ன அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, எல்லாம் அதன் வங்கிக் கணக்குக்குத்தான். கையில் வந்த சில்லறையையும் அன்றன்றைக்குக் கட்டி ரசீது வாங்கிவிடுவோம். வரிவிலக்கு கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது, காசோலையாகவோ ஆன்லைனிலோ தர வேண்டும். ஒரு கடைக்காரர் மொத்தமாகப் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். என் இடதுகையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலா தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துத் தன் கடைப் பேரோடு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்தக் கையைத் தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல் ஓடும், அந்த ஓட்டம் நின்றால் மிஷினில் போட வழியில்லை. அதில் பிரஷர் கூடப் பார்க்கவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன், ஃபிளெக்ஸில் தொங்கவிடவா?

நடந்த அன்று விடிகாலை மூன்றுமாவடியில் கூடினோம். சித்திரையில் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை நடக்கிற இடம். அழகர் பின்னாலேயே உண்டியல் வண்டிகள் வருமில்லையா, அதை வைத்துத் தம்பி கிண்டல் செய்தான்: "அக்கா, சாமி மலையிலேருந்து இறங்கி வரும், நீங்க எதுக்காக ஏறிப் போறீங்க? உண்டியல் மட்டும் கரெக்டா வருது." நோயாளிகள் நாங்கள் கொஞ்சப்பேர், வீட்டு ஆட்கள், நர்சிங் படிக்கும் பிள்ளைகள். பின்னால் ஒரு வேன். விழுந்தால் ஃபிஸ்டுலாவில் அடிபடும் என்பதால் எனக்கு இடப்பக்கம் என் வீட்டுக்காரர், மேடு பள்ளம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடச்சனேந்தல் தாண்டியதும் வியர்க்க ஆரம்பித்தது. இங்கேதான் கஷ்டம். நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் எங்கள் ஊர் சனத்துக்குக் கை சும்மா இருக்காது. வழியில் ஒருவர் இளநீரை வெட்டியே நீட்டிவிட்டார். இன்னொரு வீட்டில் சொம்பு நிறைய மோர். எனக்கு ஒருநாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் கணக்கு, காப்பி, குழம்பு உட்பட. இளநீரில் பொட்டாசியம், தொடவே கூடாது. நர்சிங் பிள்ளைகள் கரைத்து வைத்திருந்த ஓ.ஆர்.எஸ்ஸிலும் பொட்டாசியம் இருக்கிறது. எல்லோரும் மடக் மடக்கென்று குடிக்க, நான் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். அது கரையும் மட்டும் பேசாமல் நடக்கலாம், அது ஒரு வசதி. இளநீர்க்காரர் கோபித்துக்கொண்டார். விவரம் சொன்னபிறகு, இளநீரை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு உண்டியலில் நூறு ரூபாய் போட்டார்.

அப்பன் திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் களத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி, "எந்தக் கோயிலுக்குத் தாயி, என்ன நேத்தி?" என்று கேட்டாள். பஸ் காசுக்காக நடக்கிறோம் என்றேன். "பஸ்ஸுக்குக் காசு இல்லாமயா நடந்து போறீக?" என்று பதறிவிட்டாள். முழுக்க விளக்க நேரமில்லை. இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தாள். மொய் நோட்டில் பேர் எழுதச் சொன்னதற்கு, "பாட்டின்னு எழுது" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறது.

முடித்தபோது கால் கெஞ்சியது. உடன் வந்த உறவுக்காரர் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கப் போனார், மறித்துவிட்டேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகையறா மாத்திரைகள் மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுப்பவை. எனக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். கிட்னி கழிக்க வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறவர்கள் என்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடத்தோடு சரி.

திங்கட்கிழமை எடை மிஷினில் ஏறி நின்றபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டிரை வெயிட்டுக்கு, அதாவது அதிகப்படித் தண்ணீர் இல்லாத எடைக்கு மேல் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஏறியிருந்தது. வியர்வையில் கொஞ்சம் போயிருக்கும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் அறக்கட்டளைக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். பஸ் டிக்கெட்டைக் காட்டினால் காசு என்றார்கள். மிஷினிலிருந்து எழும்போது தலை சுற்றுகிற ஆளிடம் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வதா என்று நான் சண்டை போட்டேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடைசியில் அதுதான் நடைமுறையானது: வந்து போனால் அன்றைய வழிச்செலவு. துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. பிரஷர் இறங்கியவர்களுக்குப் பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன்கள் இரண்டு பேர், மாதக் கணக்கில். உசிலம்பட்டி அண்ணன் அதற்கப்புறம் ஒரு முறையும் விடவில்லை. கூலி போவதை மட்டும் எங்களால் ஈடுகட்ட முடியவில்லை, அதற்கு இந்தப் பணம் காணாது.

அடுத்த நடைக்கு அவரையும் சேர்க்க வேண்டும் என்பதால் தூரத்தைக் குறைக்கிறோம். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று, சக்கர நாற்காலியும் போகும். டாக்டரிடம் கேட்டிருக்கிறோம். கிழமை சனிதான், அதில் பேச்சே இல்லை.