பழைய எண், புதிய எண்: வேலூரில் வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்றிய கதை

வீட்டு வரி ரசீதில் ஒருவழியாக அம்மா பெயர் வந்துவிட்டது. வேலூரில் இறந்துபோன அப்பா பெயரிலிருந்து வரியை மாற்றக் கிளம்புகிறவர்கள், அதிலும் 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் குடியிருப்பவர்கள், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எந்த மண்டலம், எந்த வார்டு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த அலுவலகத்தில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆவணங்கள் சேர்ப்பதில் பெரிய தொல்லை இல்லை. இறப்புச் சான்று கையில் இருந்தது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம், விஏஓ விசாரித்தார், தாலுகா ஆபீஸில் முடிந்தது. அக்காவும் நானும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். வில்லங்கச் சான்று, மூலப்பத்திர ஜெராக்ஸ், கடைசி வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

எழுத்தர் பத்திரத்தையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னா சார், பத்திரத்துல கதவு எண் வேற, ரசீதுல வேற. ரெண்டும் ஒரே வீடுதான்னு நான் எப்படி ஏத்துக்கறது?"

கேள்வி நியாயமானதுதான். 1866-இல் நகராட்சியாகத் தொடங்கிய வேலூர் 2008 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகளையும் சுற்றிலும் இருந்த பல உள்ளாட்சிகளையும் சேர்த்து 60 வார்டு, நான்கு மண்டலம் என்று ஆக்கினார்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் தனி வரிப் புத்தகம், தனி கதவு எண், தனி வரிவிதிப்பு எண். சேர்த்த பிறகு எங்கள் தெருவில் எல்லாமே மாறின. பத்திரம் மட்டும் எழுதினபடியே இருக்கிறது. நாங்கள் இடம் மாறவில்லை, சுவர்கூட மாறவில்லை, ஆனால் காகிதத்தில் எங்களுக்கு இரண்டு வீடு.

"சரி, ஒரே வீடுதான்னு யார் சான்று தருவாங்க?" என்று கேட்டேன்.

"நாங்கதான் தரணும்."

"அப்ப குடுங்களேன்."

"அதுக்குப் பழைய புக்கு வேணும். அது இங்க இல்ல."

எங்கே இருக்கிறது என்று கேட்டால் கூரையைக் காட்டினார். மாடியில் ஒரு அறை, பூட்டு, சாவி வைத்திருப்பவர் லீவு. அடுத்த தடவை போனால் சாவிக்காரர் இருக்கிறார், எழுத்தர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த தடவை இரண்டு பேரும் இருந்தார்கள், சர்வர் வேலை செய்யவில்லை. வாசலில் டீக்கடை ஓரமாக நிற்கும் ஒருவர் "எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கண்ணா, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றார். அவருக்கு மட்டும் எந்த சர்வரும் படுக்காது போல.

கவுன்சிலரிடமும் போனேன். 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை இங்கே கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம்தான். எண் குழப்பத்தைப் பற்றி அப்பா அந்த வருடங்களில் யாரிடமும் போய் நிற்க முடியவில்லை. இப்போது ஆள் இருக்கிறார், வீட்டு வாசலிலேயே உட்கார வைத்துப் பேசினார், உடனே போனும் போட்டார். ஆனால் வரிப் புத்தகத்தில் கை வைக்க கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லை. அவர் சொன்னதால் நடந்தது ஒன்றே ஒன்று: வரி வசூலிக்கும் பில் கலெக்டர் வீட்டைப் பார்க்க வந்தார். அதுவும் பெரிய விஷயம்தான். அவர் நேரில் பார்த்து எழுதாமல் ஃபைல் நகராது.

வந்தவர் கையில் டேப். பெயர் மாற்றம் என்றால் பெயர் மட்டும்தான் மாறும் என்று நினைக்காதீர்கள், அளவும் பார்க்கிறார்கள். 2022 ஏப்ரல் வரி உயர்வில் எங்கள் ஊர் போன்ற மாநகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும் ஏற்றினார்கள். மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறையை அப்பா முன்பே கணக்கில் காட்டியிருந்ததால் தப்பித்தோம். எதிர்வீட்டுக்காரர் நாங்கள் கூப்பிட்டு வந்தவரையே தன் பெயர் மாற்றத்துக்கும் பார்க்கச் சொல்லி, பின்பக்க அறைக்குக் கூடுதல் வரி வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

பில் கலெக்டரைப் பிடிக்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வசூலுக்குக் கிளம்பிவிடுவார், அந்த வெயிலில் காத்திருக்கவும் முடியாது. மார்ச்சில் போகவே போகாதீர்கள், ஆண்டுக் கடைசி வசூலில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஏப்ரலில் 30-ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால் அப்போதும் கவுண்டரில் கூட்டம்.

பில் கலெக்டர் பார்த்து எழுதிய பிறகும் பழைய புத்தகம் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்தப் பழைய வரிவிதிப்பு எண்ணுக்கு எந்தப் புதிய எண் தரப்பட்டது, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். நீளமாகப் புகார் எழுதினால் "இது தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, சட்டத்தின் 6(2) பிரிவே அப்படித்தான் சொல்கிறது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை, போன் வந்தது. "சார், புக்கு கெடச்சிருச்சு. வந்து பாக்கறீங்களா?" அதே எழுத்தர், குரலில் அப்படி ஒரு மரியாதை.

இதற்கிடையில் அம்மா பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, நூல் போட்டுக் கட்டிய பழைய ரசீதுக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாநகராட்சியோடு சேர்ந்த புதிதில் கொடுத்த ரசீதில் பழைய எண், புதிய எண் இரண்டும் ஒரே தாளில் இருந்தன. பதிவேட்டையும் அந்த ரசீதையும் சேர்த்து வைத்ததும் எழுத்தருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய ரசீதுகளைக் குப்பை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதற்கு மேலும் ஒரு முட்டுக்கட்டை. வரி நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் ஏறாது என்பதால் செப்டம்பர் வரை சுத்தமாகக் கட்டியிருந்தேன். ஃபைல் மேஜை மேஜையாகப் போவதற்குள் அக்டோபர் பிறந்தது, இரண்டாவது அரையாண்டு டிமாண்ட் ஏறியது, "பாக்கி இருக்குது" என்று ஃபைல் திரும்பியது. அங்கேயே நின்று போனில் கட்டி, ரசீதைக் காட்டினேன். மார்ச் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோ ஃபைல் நிலுவையில் இருந்தால் அடுத்த அரையாண்டையும் கட்டத் தயாராகப் போங்கள்.

ஆணை கொடுத்தபோது எழுத்து எழுத்தாகப் படித்தேன். அம்மாவின் முதலெழுத்து தவறு. "சின்ன மிஸ்டேக்தானே சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்த ஒரு எழுத்தை வைத்து நாளைக்கு மின் இணைப்பிலும் பேங்கிலும் யார் அலைவது? மாற்றாமல் போக மாட்டேன் என்று அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மதிய சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன் திருத்தி, புதுப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்.