சுரமானியும் யாழ் நூலும்

எங்கள் காலத்தில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு, பிள்ளை என்ன ஆகப் போகிறான் என்பதும் வீட்டில் முடிவாகிவிடும். கணிதப் பிரிவென்றால் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அதற்கு வெளியே எதுவும் கிடையாது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று சொல்லி அப்பா என் வயலின் வகுப்பை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை அரசு மாற்றியமைத்த தரப்படுத்தல் வந்த பிறகு, ஒரு புள்ளி குறைந்தாலும் பல்கலைக்கழகம் இல்லை என்ற பயம் யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது.

எங்கள் பௌதிக சேர் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்காதவர். ஆய்வுகூடத்தில் சுரமானி என்ற, பெட்டிமேல் கம்பி இழுத்துக் கட்டிய கருவியின் கம்பியை மீட்டுவார். இழுவிசையை மாற்றாமல் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், அதாவது 'ப'. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "பஞ்சமத்தைத்தான் பழைய தமிழிசையில் இளி என்றார்கள்" என்பார். அப்புறம் பாடம் விபுலாநந்த அடிகளிடம் போய்விடும்.

காரைதீவில் பிறந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். இத்தனை பக்கம் போனவரா ஒன்றில் ஊன்றி நின்றிருப்பார் என்று கேட்கத் தோன்றும். 1947இல் வந்த 'யாழ் நூல்' அதற்குப் பதில். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை உரையோடு படிக்கத் தமிழ் வேண்டும். நரம்புகளின் விகிதங்களைக் கணிக்கக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். கணக்கில் வந்தது பண்ணாகக் கேட்கிறதா என்று சொல்ல இசை தெரிந்த காது வேண்டும். எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால்தான் வழக்கொழிந்து கிடந்த யாழைப் பற்றி இவ்வளவு ஆழமாக ஒருவர் எழுத முடிந்தது.

நான் இங்கே மண்டபங்களின் ஒலியமைப்பைக் கணிக்கும் வேலையில் இருக்கிறேன். குறுகிய துறை, அதில் ஊன்றி நின்றுதான் குடும்பம் நடத்துகிறேன். பேச்சு தெளிவாகக் கேட்க மண்டபத்தில் ஒலி சீக்கிரம் அடங்க வேண்டும். வாத்திய இசைக்கு அது சற்று நின்று அடங்க வேண்டும். இதைக் கணினி கணித்துத் தரும். ஆனால் வீணைக் கலைஞர் ஒருவர் "நாதம் நிற்கவில்லை" என்று சொல்லும்போது அவர் எதைக் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது அந்த வயலின் வகுப்புத்தான். அது இன்னும் சில வருடம் நடந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இப்போதும் உண்டு.

ஏ.எல். (உயர்தரப்) பிள்ளைகளுக்கு இப்போதும் ரியூசன், பாடசாலை, திரும்ப ரியூசன்தான். நம் பழைய மாணவர் சங்கம் ஆய்வுகூடத்துக்கும் கணினிக்கும் பணம் அனுப்புகிறது, நல்ல காரியம். அதோடு, கணித, உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கென்று வாரம் ஒரு பின்னேரம் சங்கீதமும் இலக்கியமும் நடத்த, இரண்டு ஆசிரியர்களுக்கான கொடுப்பனவையும் நாம் ஏற்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். அந்தச் சுரமானிக்கு முன்னால் என்னோடு நின்றவர்கள் யாராவது வழிமொழிய வாருங்கள்.