பூ சாமிக்கு, இலை தோலுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டியதில்லை. குப்பைமேடு, களத்துமேடு, சுடுகாட்டு வேலி, தார்ச்சாலை ஓரம் எல்லா இடத்திலும் தானாக முளைத்து நிற்கும். தேவாரப் பாடல்களில் சிவன் தலையில் சூடும் மத்தமலர் இதன் பூதான். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இதே செடி வேறு கோலத்தில் வந்து சேரும். கண்மணி அகல விரிந்து, உடம்பு கொதித்து, நாக்கு வறண்டு, காற்றில் இல்லாத நூலை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதராக.

அமேசான் காட்டில் ஆயாஹுவாஸ்கா என்ற கொடிக் கஷாயத்தைக் குடிப்பார்கள், மெக்சிகோவின் வடக்கே பெயோட்டே கள்ளியைத் தின்பார்கள். அங்கே தெய்வத்தைக் காணும் வழியே அந்தச் செடிதான், வைத்தியர் கூடவே இருந்து பாடுவார். நம் பக்கம் அருள் இறங்குவது பெரும்பாலும் பம்பையிலும் உடுக்கையிலும் சாம்பிராணிப் புகையிலும். ஊமத்தை சாமிக்குச் சார்த்தும் பூ, ஆடுபவர் வாய்க்குப் போவதில்லை. இது தெரியாத புது மருத்துவர்கள், கோயிலிலிருந்து வந்த எவரையும் 'ஏதோ தின்றிருக்கிறார்' என்று எழுதிவிடுவதுண்டு. மறுபக்கம், ஊமத்தை தின்று பிதற்றுபவரைக் காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் கொண்டுபோய் நான்கைந்து மணி நேரத்தை வீட்டார் இழப்பதும் உண்டு. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி: அக்குளில் கை வைத்துப் பாருங்கள். சாமி ஆடியவர் வேர்வையில் தொப்பலாக நனைந்திருப்பார், டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும். ஊமத்தை உள்ளே போனவருக்கு எவ்வளவு திமிறினாலும் அக்குள் காய்ந்தே கிடக்கும். நரம்பிலிருந்து வேர்வைச் சுரப்பிக்குப் போகும் அசெட்டைல்கோலின் என்ற வேதிச் செய்தியை, ஊமத்தையின் நஞ்சுகளான ஹயோசினும் அட்ரோபினும் தடுத்துவிடுகின்றன. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாமல்தான் கொதிக்கிறது.

சித்த வைத்தியம் இந்தச் செடியைக் கையாளும் விதத்தை மதிக்காமல் இருக்க முடியாது. ஆறாத புண்ணுக்குப் போடும் மத்தன் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் விடாமல் இடித்துப் பிழிந்த ஊமத்தை இலைச்சாறு, அதே அளவு தேங்காய் எண்ணெய், கொஞ்சம் துருசு என்ற செம்பு உப்பு. இளந்தீயில் காய்ச்ச வேண்டும். இரும்புச் சட்டி கூடாது, துருசிலுள்ள செம்பு இரும்பின் மேல் படிந்து மருந்து வீணாகும். அடியில் தங்கும் கசடை எடுத்து நெருப்பில் போட்டால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் சாற்றின் ஈரம் இன்னும் இருக்கிறது, தைலம் சில நாளிலேயே கெடும். தீ மிஞ்சினால் கசடு கருகி, பச்சை நிறம் பழுப்பாகும். இது மேல்பூச்சு மட்டுமே. பரந்த புண்ணிலும் குழந்தைகள் மேலும் தாராளமாகப் பூசினால் தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும்.

இலை இடித்த கையோடு கண்ணைக் கசக்கினால் அந்த ஒரு கண்மணி மட்டும் விரியும். பார்த்தவுடன் மூளையில் ரத்தக்கசிவோ என்று பதறி ஸ்கேனுக்கு அனுப்பத் தோன்றும். ஆள் தெளிவாகப் பேசுகிறார், தலைவலி இல்லை என்றால், முதலில் "இன்னிக்கு என்னா செடியைத் தொட்டீங்கம்மா?" என்று கேட்க வேண்டும். கண்மணியைச் சுருக்கும் 1% பைலோகார்ப்பின் சொட்டு விட்டும் சுருங்காத கண்மணி மருந்தால் விரிந்த கண்மணி.

விதை வேறு கதை. உள்மருந்தில் சேர்க்குமுன் பசுங்கோமியத்தில் ஊறவைத்து, துணியில் கட்டிப் பாலில் தொங்கவிட்டு அவித்து, தோல் நீக்கி நஞ்சைக் குறைக்கும் சுத்தி முறைகள் உண்டு. மருந்துகள் விதிகளின் ஈ(1) அட்டவணை ஊமத்தையை நச்சுப் பொருளாகவே வைத்திருக்கிறது, மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை மருந்தின் லேபிளில் இருக்க வேண்டும். காரணம் நியாயமானது. ஒரே ஊரின் இரண்டு செடிகளில்கூட, ஒரே செடியின் இலையிலும் விதையிலும்கூட, வீரியம் பல மடங்கு மாறும். 'போன தடவை இவ்வளவுதான் கொடுத்தேன்' என்ற கணக்கு இங்கே செல்லாது. வீட்டு அடுப்புச் சூட்டிலும் நஞ்சு போகாது.

காய்ந்த ஊமத்தையைச் சுருட்டி இரைப்புக்குப் புகைக்கும் பழக்கம் 1802 வாக்கில் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. மூச்சுக்குழாய் விரிவது உண்மை. அட்ரோபினை மாற்றியமைத்து உருவான இப்ராட்ரோபியத்தைத்தான் இன்று நெபுலைசரில் வைக்கிறோம். அது மூளைக்குள் நுழையாது, அளவும் கையில் இருக்கிறது. சுருட்டில் இந்த இரண்டுமே கிடையாது.

வார்டில் தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். முகம் சிவந்திருப்பதைப் பார்த்து அலர்ஜி என்று ஏவில் ஊசி போடுவது ஒன்று. அதிலுள்ள ஃபெனிரமினும் அசெட்டைல்கோலினைத் தடுப்பதுதான், எரிகிற வீட்டில் விறகு வைப்பதுபோல் ஆகும். பிதற்றலை அடக்கப் போடும் குளோர்ப்ரோமசினும் அப்படியே. அமைதிப்படுத்த டயசிபம் அல்லது லோரசிபம்தான் சரி. கட்டிலோடு கட்டினால் திமிறத் திமிறச் சூடு ஏறும், தசை சிதையும். ஈரத்துணி, மின்விசிறி, மங்கலான விளக்கு, பக்கத்தில் தெரிந்த முகம். அடிவயிற்றைத் தட்டிப் பார்க்க மறக்கக் கூடாது, நிறைந்த சிறுநீர்ப்பையே பாதித் திமிறலுக்குக் காரணம், டியூப் போட்டதும் ஆள் அடங்குவார். பிதற்றுபவர் வாயில் மோர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். குடல் மந்தமாவதால் விதை மெல்ல மெல்ல ஊறும், ஆகவே குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிப்பு வேண்டும்.

இந்தக் காட்சி நம் செவிலியர்களுக்குப் புதிதல்ல. பூச்சிமருந்து குடித்து வருபவருக்கு 0.6 மி.கி. ஆம்பூல்களாக அட்ரோபின் ஏற்றி, நெஞ்சுச் சளிச்சத்தம் அடங்கி, நாடி 80-ஐத் தாண்டி, அக்குள் காயும்வரை கொண்டுபோகிறோம். அளவு மிஞ்சினால் அவரும் இதேபோல் போர்வையைப் பிய்ப்பார். அந்த நோயாளியைப் பார்த்துப் பழகிய சிஸ்டர், ஊமத்தையை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

விவரம் கேட்பதில்தான் எல்லாமே இருக்கிறது. திட்டினால் மறைப்பார்கள். "எந்தப் பாகம்ணா, இலையா விதையா? பச்சையா காஞ்சதா? எதோட அரைச்சாங்க? எத்தனை மணிக்கு? வேற யார் சாப்பிட்டாங்க?" என்று வரிசையாகக் கேட்டு, செடியையே எடுத்து வரச் சொல்ல வேண்டும். வாந்தியில் விதை இருந்தால் கழுவிப் பாருங்கள். மிளகாய் விதை வெளிர்மஞ்சள், வழவழப்பு. ஊமத்தை விதை பழுப்பு, சிறுநீரக வடிவம், ஓரம் தடித்து மேலெல்லாம் குழிகுழியாக இருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது நாய்க்கடிக்காக வெல்லத்தில் வைத்துக் கொடுக்கும் ஊமத்தை. அன்றே பிதற்றலும், தண்ணீர் விழுங்க முடியாத தொண்டையும் வந்தால் வீட்டார் வெறிநோய் என்று கைவிட்டுவிடுகிறார்கள். கடித்த சில மணி நேரத்தில் வெறிநோய் வராது. வெறிநோயில் எச்சில் வழியும், இங்கே வாய் காய்ந்திருக்கும். இந்த மயக்கம் தெளிந்தவுடன் நாட்டு மருந்தே வேலை செய்துவிட்டது என்று வெறிநோய்த் தடுப்பூசியை விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தோலிடை ஊசிக்கான (தோலுக்குள் போடும் தடுப்பூசி) 0, 3, 7, 28 என்ற நாட்களைத் தேதியாகவே எழுதி, கூட வந்தவர் வாயால் ஒருமுறை படிக்க வைத்துவிட்டே அனுப்புங்கள்.