எட்டு சிலிண்டர் ஊர்

மிச்சிகனுக்குக் குடிவருகிறவர்களிடம் பனிக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். கார் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. டிராய், நோவை, கேன்டன் என்று டெட்ராய்ட்டைச் சுற்றி எந்த ஊரில் வீடு பிடித்தாலும், அந்தத் தெருவில் ஒருவராவது ஃபோர்டிலோ ஜெனரல் மோட்டார்ஸ் என்கிற ஜி.எம்.மிலோ கிரைஸ்லரிலோ வேலை பார்த்திருப்பார். இல்லையென்றால் அவருடைய அப்பா பார்த்திருப்பார். வானிலை பற்றிப் பேசினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். "உங்கள் கேரேஜில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அது என்ன வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். இரவுச் சாப்பாடு தாமதமாகும்.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன். அமெரிக்கக் கார் என்றால் எனக்கு மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான்தான். பெரிய அமெரிக்க வண்டிகளைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் குறைதான்: எண்ணெய் குடிக்கும், வளைவில் ஆடும், தேவையில்லாத நீளம். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வண்டி எந்தச் சாலைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்த பிறகுதான் குறை சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

டெட்ராய்ட்டின் சாலைகளைக் கவனியுங்கள். நகர மையத்திலிருந்து ஒவ்வொரு மைலுக்கும் ஒரு குறுக்குச் சாலை. பெயரும் 8 மைல், 12 மைல், 15 மைல் என்றே போகும். எல்லாம் நேர்க்கோடு. வளைவு என்று ஒன்று வந்தால் அது ஏரியைச் சுற்றிப் போகும் சாலையாக இருக்கும். இடதுபக்கம் திரும்புவதைக்கூடப் பல சந்திப்புகளில் அனுமதிப்பதில்லை. சந்திப்பைத் தாண்டிப் போய், நடுத்திட்டில் உள்ள வெட்டில் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வந்து வலதுபக்கம் திரும்ப வேண்டும். இதற்கு மிச்சிகன் லெஃப்ட் என்று பெயர். லைசென்ஸ் எடுக்க வருகிற நம் ஆட்களுக்கு ஸ்டியரிங் இடதுபக்கம் இருப்பது இரண்டு நாளில் பழகிவிடும், இதுதான் பாடாய்ப் படுத்தும். இப்படிப்பட்ட ஊரில் நாள் முழுக்க நேராக ஓட்டுகிறவனுக்கு என்ன வேண்டும்? மெத்தை மாதிரி சஸ்பென்ஷன், கியர் போடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற வண்டி, அவசரப்படாமல் இழுக்கிற பெரிய எஞ்சின். பெட்ரோலும் மலிவு. ஐரோப்பிய மலைப்பாதைக்குச் செய்த காரோடு இதை ஒப்பிட்டுச் சிரிப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாண்டியாக் ஊரிலிருந்த தொழிற்சாலையில் அச்சு செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கேரேஜில் இருப்பது 1966 பாண்டியாக் ஜி.டி.ஓ., ஜி.எம்.மின் பாண்டியாக் பிரிவு செய்த வண்டி. நவம்பரில் மூடினால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார். பனி உருகினாலும் எடுக்க மாட்டார். நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, பனியை உருக்கச் சாலையில் கொட்டிய உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போக வேண்டும். அந்த உப்பு பட்டால் பழைய இரும்பு சில வருடத்தில் ஓட்டையாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை, டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே 1,100 அடிக்கு மேல் ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்பே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். காரைச் செய்த ஊரே காரைத் தின்கிற உப்பையும் தருகிறது.

அவர் வண்டியைக் கிளப்பும்போது வரும் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வி8 எஞ்சினில் நாலு நாலாக இரண்டு வரிசை சிலிண்டர்கள். அமெரிக்க வி8களில் கிராங்க்ஷாஃப்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டின், பின்கள் 90 டிகிரி இடைவெளியில் சிலுவை போல அமைந்திருக்கும். எட்டையும் சேர்த்துப் பார்த்தால் வெடிப்பு சீராகத்தான் நடக்கிறது. ஒரு வரிசையை மட்டும் தனியாகக் கேட்டால் சீராக இருக்காது. இரண்டு வெடிப்பு ஒட்டி வரும், அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி விழும். ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் புகைக்குழாய் என்பதால் அந்தத் தாறுமாறான தாளம் அப்படியே வெளியே வருகிறது. அந்த கடகடப்புக்குக் காரணம் இதுதான். ஃபெராரி போன்ற இத்தாலிய வண்டிகளின் வி8இல் பின்கள் சிலுவையாக இல்லாமல் ஒரே தளத்தில் தட்டையாக இருக்கும். வெடிப்பு இரு வரிசையிலும் மாறி மாறிச் சீராக வரும். அதனால் கீச்சென்று உயரும். ஷெவர்லேயின் இப்போதைய கார்வெட் இசட்06 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்தத் தட்டை வகையைத்தான் போட்டிருக்கிறார்கள், 670 குதிரைசக்தி. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதன் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். "நல்ல எஞ்சின்தான், ஊர்தான் தப்பு" என்றார்.

ஜி.டி.ஓ. பிறந்த கதை அலுவலக அரசியல் தெரிந்த யாருக்கும் பிடிக்கும். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக் கூடாது என்று ஜி.எம். தலைமை விதி வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவர் ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது சுமார் 6.4 லிட்டரை, டெம்பெஸ்ட் என்ற சாதுவான வண்டிக்குள் இறக்கினார்கள். புது மாடல் என்றால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். கூடுதல் வசதித் தொகுப்பு என்றால் வேண்டாம். ஆகவே 1964 மாடலில் ஜி.டி.ஓ. ஒரு 'ஆப்ஷன்' ஆகத்தான் வந்தது. முதல் வருடமே 32,450 விற்றது. அதற்குப் பிறகு யார் விதி பேசுவார்கள்? அதே 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கை இறக்கியது. விலை 2,368 டாலர், அன்று ஒரே நாளில் 22,000 ஆர்டர். அடியில் இருந்தது என்னவோ ஃபால்கன் என்கிற குடும்பக் கார்தான். மேலே போட்ட சட்டைதான் புதிது.

இந்த வண்டிகளுக்கெல்லாம் பந்தயத் திடல் உட்வர்ட் அவென்யூ. டெட்ராய்ட்டில் தொடங்கி பாண்டியாக் வரை போகிற அகலமான சாலை. 1909இல் இதன் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். அமெரிக்காவில் முதல் கான்கிரீட் நெடுஞ்சாலை அதுதான் என்பார்கள். அறுபதுகளில் இளைஞர்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை போட்டி போட்டார்கள். கம்பெனி பொறியாளர்களும் இரவில் சோதனை வண்டிகளோடு வந்து நின்றார்கள். ராயல் ஓக்கில் இருந்த ராயல் பாண்டியாக் என்ற விற்பனையகம் எஞ்சினை இன்னும் முறுக்கேற்றிக் கொடுப்பதற்குப் பேர் போனது. பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்துவார், ஏதோ போலீஸ் இன்னும் தேடுவதுபோல.

சரி, அந்த வண்டியில் உட்கார்ந்து போனால் எப்படி இருக்கிறது? முதல் சிக்னல் வரை சொர்க்கம். அப்புறம் பிரேக் போடும்போது தெரியும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு பலமான நிறுத்தத்துக்குப் பிறகு அடுத்ததற்கு யோசிக்கும். தோளுக்குக் குறுக்கே பெல்ட் கிடையாது, தலைக்குப் பின்னால் தாங்கல் கிடையாது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி கடிதம் கிடைத்த பிறகுதான் பதில் போடும். எங்கள் வீட்டில் பால் வாங்கப் போகிற சாதாரணக் கார் இதைவிட நன்றாக நிற்கும், திரும்பும், விபத்தானால் ஆளைக் காப்பாற்றும். அந்தக் காலம் மாதிரி வருமா என்று சொல்கிறவர்களோடு எனக்கு இதில் உடன்பாடில்லை. ரசிப்பதற்கு அந்த வண்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போக இந்த வண்டி.

என் மனைவிக்குப் பிடித்தது 1959 காடிலாக். பின்னால் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்கு. துடுப்பு மோகம் 1948 காடிலாக்கில் ஆரம்பித்தது, ஜி.எம். வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் காலத்தில், போரில் பறந்த பி-38 லைட்னிங் விமானத்தின் வாலைப் பார்த்து எடுத்தது. 1959இல் உச்சிக்குப் போனது. வண்டியின் நீளம் சுமார் 5.7 மீட்டர், நம் அம்பாசிடர் 4.3தான். "காஞ்சிபுரத்துல இத நிறுத்தணும்னா ரெண்டு வீட்டு வாசல் வேணுங்க" என்றாள். எனக்கு அவ்வளவு குரோம் கண்ணைக் கூசுகிறது. மாறாக, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது 1957 ஷெவர்லே பெல் ஏர் ஒன்றின் முன்சீட்டைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. "டேய், எங்க பெரிய மாமா ஊர்ல மிராசுதார் வீட்டுல இந்த மாதிரி ஒரு பிளைமவுத் நின்னுச்சு. முன்னால மட்டும் நாலு பேர் உக்காருவாங்க." ஆச்சரியமில்லை. பிளைமவுத் கிரைஸ்லரின் வண்டி; போட்டிக் கம்பெனியான ஜி.எம்.மும் 1928லேயே பம்பாயில் பாகங்களைப் பொருத்திக் கார்களாக்கி விற்கத் தொடங்கி, 1950களின் நடுவில்தான் கடையை மூடியது. அமெரிக்க வண்டிகள் நம் ஊர்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடின.

எழுபதுகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், ரசிக்க அதிகமில்லை. 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடு, காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பெரிய எஞ்சின்களின் கழுத்தைப் பிடித்தன. பழைய விளம்பரங்களில் 360 குதிரைசக்தி என்று படித்து மயங்க வேண்டாம். விசிறி, சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினை மேடையில் வைத்து அளந்த கணக்கு அது. 1972 முதல் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்க ஆரம்பித்ததும் எண்கள் சட்டென்று விழுந்ததுபோல் தெரிந்தது.

புதிய வண்டிகளில் என் ஓட்டு எட்டாம் தலைமுறை கார்வெட்டுக்கு. 1953இல் ஃபிளின்ட் நகரில் 300 வெள்ளை வண்டிகளாகத் தொடங்கியது. எஞ்சினை நடுவில் வைக்க வேண்டும் என்று சோரா அர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் பல காலம் மன்றாடினார். 2020 மாடலில்தான் நடந்தது, அவர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் கழித்து. பிக்கப் லாரிகள் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. முகப்பு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. முன்னால் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வெளிநாட்டு லாரிகளுக்கு 1964இல் போட்ட 25 சதவீத வரி இந்த ரகத்தைப் பாதுகாத்து வளர்த்தது. ஃபோர்டு 2018இல் இனி இங்கே மஸ்டாங் தவிர வேறு சாதாரணக் கார் விற்கப் போவதில்லை என்று அறிவித்ததற்கும் லாரியின் லாபம்தான் பின்னணி.

ஆனால் அதே 2018இல்தான் இங்கே ஃபோர்டு ஷோரூம்களில் ஈகோஸ்போர்ட் வந்தது. அது மறைமலை நகரில் செய்த வண்டி. அமெரிக்காவில் செய்த காரின் அடையாள எண் பெரும்பாலும் 1, 4 அல்லது 5இல் தொடங்கும். இதன் எண் எம்.ஏ.ஜே. என்று தொடங்கும். கண்ணாடிக்கு அடியில் எட்டிப் பார்த்தால் தெரியும். எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒன்று நிற்கிறது. நான் வேலை பார்த்த பழைய கம்பெனியின் பாகம் அதில் எங்கேயாவது இருக்கும் என்று சும்மா ஒரு நினைப்பு. சென்னை ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பாண்டியாக் என்ற கார்ப் பெயரும் 2010இல் போய்விட்டது. பாண்டியாக் ஊர் இருக்கிறது, அங்கே பராசக்தி கோவில் இருக்கிறது. நம் ஆட்கள் புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிற வழக்கத்தை இங்கும் விடவில்லை.

மின்சார வண்டிகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறுப்பு கிடையாது. டாட்ஜ் கம்பெனி, சார்ஜர் என்ற பழைய வி8 காரை 2023இல் நிறுத்திவிட்டு, அதே பெயரில் வந்த மின்சாரக் காருக்குச் செயற்கையாக ஒரு உறுமல் சத்தம் பொருத்தியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சத்தம் போடாத வண்டி சத்தம் போடாமலே இருக்கட்டும் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டில் பழைய கார்களின் பேரணி நடக்கும். 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்தது இது. சனிக்கிழமை போகாதீர்கள், வண்டிகள் நகரவே நகராது. அதற்கு முந்தைய புதன், வியாழன் மாலைகளில் வாருங்கள். 25 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குத் தரும் வரலாற்று நம்பர் பிளேட்டோடு சும்மா ஊர் சுற்ற மிச்சிகனில் ஆகஸ்ட் மாதம் மட்டும்தான் அனுமதி; அதனால் அந்த வாரம் முழுக்க எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். ராயல் ஓக்கில் 13 மைல் சாலை பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். குடிக்கத் தண்ணீர், குழந்தைகளுக்குக் காது மூடி. கார் நிறுத்தத் தெருவுக்குள் இடம் கிடைக்கும், பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.