எஸ்.கியூ.இ. முடித்து லண்டனில் ட்ரெய்னி ஆகப் போகிறேன்: இந்தியாவில் சட்டம் படித்தவர்களுக்கு

எஸ்.கியூ.இ. என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞர் ஆவதற்கான இரண்டு கட்டத் தேர்வு. அதன் இரண்டாம் கட்ட முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். லண்டனின் நிதி மையமான சிட்டியில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ட்ரெய்னியாக (பயிற்சி சொலிசிட்டராக) சேரும் தேதியும் உறுதியாகிவிட்டது. இந்த மாதிரி நிறுவனங்கள் படிப்புக்கும் தேர்வுக்கும் தாங்களே பணம் கட்டும். பதிலுக்கு முதல் தடவையே தேற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது வழக்கம். அந்தப் பயம் நெஞ்சை விட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் கட்டத்தில்தான் பலர் விழுகிறார்கள். 2024 ஜூலையில் தேறியவர்கள் 44 சதவீதம். இந்தியாவில் படித்தவர்களுக்கு அங்கே ஒரு தனி ஆபத்து இருக்கிறது: ஏற்கெனவே தெரிந்த பாடம். சொலிசிட்டர்ஸ் அக்கவுண்ட்ஸ் (கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கும் விதிகள்) நமக்குப் புதிது, அதனால் ஒழுங்காகப் படிக்கிறோம். கான்ட்ராக்ட் முதல் வருடமே படித்ததுதானே என்று புரட்டிவிட்டுப் போகிறோம். தேர்வின் ஒரு அமர்வில் 90 கேள்விக்கு 2 மணி 33 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 102 விநாடி. அந்த அவசரத்தில் மனம் முதலில் படித்த சட்டத்தைத்தான் எடுத்து நீட்டும். கேள்விக்குக் கீழே கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் அதற்குப் பொருந்துவதும் ஒன்று இருக்கும்.

உதாரணம் சொல்கிறேன். சின்னையா எதிர் ராமையா, 1882, நம் மெட்ராஸ் உயர்நீதிமன்றத் தீர்ப்பு. கன்சிடரேஷன் (வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுப்பது) வாக்குறுதி பெற்றவரிடமிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, வேறொருவர் கொடுத்தாலும் போதும். 1872 ஒப்பந்தச் சட்டம் 2(டி) அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் வாக்குறுதி பெற்றவரேதான் கொடுக்க வேண்டும்; மூன்றாம் நபருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது வேறு வழி. சம்மதக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு, அது போய்ச் சேருமுன் நம் ஊரில் திரும்பப் பெறலாம். அங்கே போட்ட நொடியே ஒப்பந்தம். மைனர் செய்த ஒப்பந்தம் இங்கே அடியோடு செல்லாது. அங்கே அத்தியாவசியப் பொருளுக்கு அவரைக் கட்டுப்படுத்தும். வீடு வாங்க ஒப்பந்தம் போட்டால் நம் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவின்படி சொத்தில் எந்த உரிமையும் பிறக்காது. அங்கே ஈக்விட்டியில் (நியாயத்தின் அடிப்படையில் நீதிமன்றங்கள் வளர்த்த சட்டத்தில்) வாங்குபவருக்கு உரிமை வந்துவிடுகிறது. டிரஸ்ட் (ஒருவர் சொத்தை இன்னொருவர் நலனுக்காக வைத்திருப்பது), நிலச் சட்டம் இரண்டுமே இதன் மேல்தான் நிற்கின்றன.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் இந்தியச் சட்டம், வலப்பக்கம் ஆங்கிலச் சட்டம், வித்தியாசம் உள்ளவை மட்டும். ஒத்துப்போவதை எழுதவே வேண்டாம். தினமும் காலையில் வேறு எதையும் தொடுமுன் அதைப் படியுங்கள். பயிற்சி மையக் குறிப்புகளில் இது கிடைக்காது. அவை ஆங்கிலேய மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. என்னைத் தேற்றியது இந்த நோட்டுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மற்றவை சுருக்கமாக:

- விண்ணப்பம் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பே. ஐந்து வருடப் படிப்பில் நாலாம் வருடமே தொடங்குங்கள். வெக்கேஷன் ஸ்கீம்தான் (விடுமுறையில் நிறுவனத்தில் சில வாரம் வேலை பழகுவது) பெரிய வாசல்.
- நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது வைக்கும் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கத் தேர்வில் பத்தியில் உள்ளது மட்டுமே உண்மை. உங்கள் பொது அறிவை அங்கே கொண்டுவராதீர்கள்.
- கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. அடுத்தவர் எத்தனை பக்கம் முடித்தார் என்று கேட்டாலே எனக்குப் படிப்பு ஓடாது. தனியாகப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.
- எஸ்.கியூ.இ. இரண்டாம் கட்டத்தில் 12 எழுத்துத் தேர்வு, 4 வாய்மொழித் தேர்வு. சட்டத்துக்குப் பாதி மதிப்பெண், திறனுக்குப் பாதி. மூட் கோர்ட் (கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டி) ஆங்கிலத்தை மறந்துவிட்டு, கட்சிக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். வெக்கேஷன் ஸ்கீமில் பார்த்ததைச் சொல்கிறேன். பயிற்சி இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு சீட், அதாவது ஒரு பிரிவு. கடன் ஒப்பந்தம் என்றால் கண்டிஷன்ஸ் பிரசிடென்ட் (கடன் கொடுக்குமுன் நிறைவேற வேண்டிய நிபந்தனைகள்) பட்டியலில் எந்த ஆவணம் வந்தது, எது வரவில்லை என்று துரத்துவது ட்ரெய்னிதான். கையெழுத்துப் பக்கங்களைச் சேர்ப்பதும் அவரே. செய்த வேலையை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிய வேண்டும். சிலருக்கு இது சலிப்பாகத் தெரியலாம். எனக்கு அந்தப் பட்டியல்கள் மிகவும் பிடித்திருந்தன. ஒரு பெரிய டீல் எப்படிக் கட்டப்படுகிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

விசா: ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்து விசாவுக்கு ஆதரவு தரும் அனுமதி) உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் உள்துறை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. விண்ணப்பிக்குமுன் அதில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். இதற்காக எந்த ஏஜென்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.