கழுத்து நிற்கும் வரை

தை மாதத்துக் காலை. வெளியே மைனஸ் 18 பாகை. கனடாவின் ஸ்காபரோவில் நான் தாதியாக வேலை செய்யும் வைத்தியசாலையின் வாசலில், பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கார் வந்து நின்றது. குழந்தையின் அம்மம்மா பின் இருக்கையில் முதல் ஆளாக ஏறி அமர்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கொண்டு வா பிள்ளை, நான் மடியில் வைத்திருக்கிறேன். வீடு பத்து நிமிடம்தானே.”

பக்கத்தில், விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத குழந்தைக் கார் சீட் சும்மா இருந்தது. ஐந்து பிள்ளைகளை வளர்த்த மடி அது. அதனோடு வாதாட நான் யார்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டம் பேசுவேன். ஒன்ராறியோவில் 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை காரின் பின்பக்கம் பார்த்திருக்கும் சீட்டில்தான் போகவேண்டும், மீறினால் தண்டம் என்பேன். தலையாட்டுவார்கள். அடுத்த சந்தியில் குழந்தை மடிக்கு மாறிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது வேறு மாதிரித் தொடங்குகிறேன்.

“அம்மா, கழுத்து நிற்காத பிள்ளையை எப்படித் தூக்குவீர்கள்?”

இதையெல்லாம் என்னிடம் கேட்கிறாயா என்பதுபோல் பார்த்துவிட்டு, பிடரிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துக் காட்டினார்.

“அந்தக் கைதான் இந்தச் சீட்டின் முதுகு.”

கார் எதிலாவது மோதி நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் முன்னோக்கிப் பாயும். பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டில் அழுந்தும். அடி அகலமாகப் பரவிவிடும். முன்பக்கம் பார்த்திருந்தால் பட்டை உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையை யார் பிடிப்பது? பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். மடியின் கதை இன்னும் மோசம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், 4 கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் சுமார் 100 கிலோ மூட்டையாகிவிடும்.

இந்த உள்ளங்கை உவமையில் ஒரு பொத்தல் உண்டு. நாலு மாதத்தில் கழுத்து நின்றுவிடுகிறதே, பிறகு? அந்தப் பொத்தலில் விழுந்தவள் நானேதான். மூத்தவனின் முதலாவது பிறந்தநாள் முடிந்த கையோடு, கேக் கறை போகாத சட்டையுடன் அவனை முன்னால் பார்க்கத் திருப்பிவிட்டோம். நடக்கிறான், ஓடுகிறான், இனி என்ன என்ற நினைப்பு. தாதி என்ற பட்டம் அன்று எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

பிறகு கார் சீட் பரிசோதகர் பயிற்சிக்குப் போனேன். சின்னக் குழந்தையின் கழுத்தெலும்பின் மாதிரி உரு ஒன்றைப் பயிற்றுநர் கையில் தந்தார். ஒரே எலும்பு மூன்று துண்டாக, இடையில் குருத்தெலும்பு. அவை ஒட்டி ஒன்றாவதற்கு மூன்று முதல் ஆறு வயதுவரை செல்லும். வெளியே நின்ற கழுத்து உள்ளே இன்னும் நிற்கவில்லை! அன்றிரவே சீட்டைத் திரும்பவும் பின்னோக்கிப் பூட்டினேன். அவனுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று நாள் அழுதான்.

சுவீடனில் நான்கு வயதுவரை பின்னோக்கிப் போவது சாதாரணம். 1960களில் பேர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் மல்லாந்தபடி முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்து, குழந்தைச் சீட்டையும் அப்படித் திருப்பிப்போட்டார். இங்கே விற்கும் பெரிய சீட்டுகளில் பலவும் 18 கிலோவரை பின்னோக்கித் தாங்கும். “கால் மடங்குகிறதே, நோகாதா?” என்று கேட்பார்கள். சம்மணமிட்டுச் சாப்பிட்டு வளர்ந்த சனம் கேட்கும் கேள்வியா இது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தை மாதக் காலைக்குத் திரும்புகிறேன். சீட்டை உள்ளே எடுத்துவரச் சொன்னேன். குழந்தை தடித்த பனியுடுப்புக்குள் பஞ்சு மூட்டைபோல் கிடந்தது. அப்படியே கிடத்தி, பட்டையைக் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கினேன். பிறகு இறுக்கத்தைத் தளர்த்தாமல் பூட்டை மட்டும் திறந்து, பனியுடுப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் பூட்டினேன். பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே என் கை முழுதாக நுழைந்தது.

“தம்பி, பாருங்கள்.”

தகப்பன் பேசவில்லை. குனிந்து பட்டையை இழுத்து இறுக்கினான்; நெஞ்சுக் கிளிப்பை அக்குள் மட்டத்துக்கு ஏற்றினான். காரில் சீட்டைப் பொருத்தும் அடித்தளத்தைப் பிடித்து ஆட்டினேன். அது ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது, தாராளமாக அசைந்தது. முழங்காலை ஊன்றி அதையும் இறுக்கினான்.

அம்மம்மா தன் சால்வையைக் கழற்றினார். “இது பட்டைக்கு மேலேதானே போடவேண்டும்?”

“மேலேதான் அம்மா. முகம் மூடாமல் எவ்வளவு வேண்டுமானாலும் போர்த்துங்கள்.”

சால்வைக்குள் கையை விட்டு ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கார் நகரும்போது தகப்பன் கண்ணாடியை இறக்கினான்.

“அக்கா, எப்போது முன்னால் திருப்பலாம்?”

பிறந்து இரண்டாவது நாள்!

“அதற்கு நிறைய நாள் இருக்கிறது தம்பி. கண்ணாடியை ஏற்றுங்கள், குளிர் அடிக்கிறது.”